பின்னால் வருபவருக்கு ஒரு செய்தி: வாகனப் பின்விளக்கும் எல்.இ.டி.யும்

சுங்கை சிப்புட்டிலிருந்து சிம்மோர் வழியாக ஈப்போவுக்கு வரும் பழைய கூட்டரசுச் சாலையில் விடியற்காலை ஐந்தரை மணி வாக்கில் பயணம் செய்திருக்கிறீர்களா? இருட்டில் நமக்கு முன்னால் சிவப்புப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். முதல் ஷிப்டுக்குப் போகும் நம்மவர்களின் மோட்டார்களுடைய பின்விளக்குகள் அவை. சில பளிச்சென்று எரியும். சில அணையப் போகும் ஊதுபத்தி முனையைப் போல மினுங்கும். சிலவற்றில் விளக்கே இருக்காது. நம் முகவிளக்கின் வெளிச்சம் பட்ட பிறகுதான் அங்கே ஒரு மோட்டாரும் அதன்மேல் ஒரு மனிதரும் இருப்பது நமக்குத் தெரியவரும்.

நான் வளர்ந்தது இந்த வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில். அந்நாளில் லயத்திலிருந்து பெரட்டுக்கு நடந்து போவார்கள். தூரத்து நிரைகளுக்குச் சைக்கிளில் போவார்கள். பிறகு பால்மரங்கள் சாய்ந்தன. அவ்விடத்தில் செம்பனை வந்தது. சில இடங்களில் தாமான் வீடுகள் எழுந்தன. வேலை தோட்டத்தைவிட்டு ஈப்போ, மெங்லெம்பு, தாசேக் தொழிற்பேட்டைகளுக்கு இடம் மாறியது. காலாற நடந்து போன இடத்துக்குப் பதிலாக, இருபது முப்பது கிலோமீட்டர் இருட்டில் மோட்டாரில் போக வேண்டியதாயிற்று. தோட்ட வாழ்க்கையின் முடிவைப் பற்றி நாம் எவ்வளவோ எழுதியிருக்கிறோம். அதனால் நம் மக்கள் சாலைக்கு வந்துவிட்டார்கள் என்பதை அவ்வளவாக எழுதியதில்லை.

அந்தச் சாலை எளிதானதன்று. 2016-ஆம் ஆண்டில் மட்டும் மலேசியச் சாலைகளில் 7,152 பேர் மாண்டனர். இந்நாட்டில் சாலையில் உயிரிழப்போரில் ஏறத்தாழப் பத்தில் ஆறு பேர் மோட்டாரில் சென்றவர்கள். இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் சிறிய ஒன்றை, சில வெள்ளிச் செலவில் நாமே சரிசெய்துகொள்ளக் கூடிய ஒன்றை மட்டும் இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறேன். அதுதான் பின்விளக்கும் பிரேக் விளக்கும், அவற்றில் இப்போது இடம் பிடித்துவிட்ட எல்.இ.டி.யும்.

யாருக்காக எரிகிறது?

விடியுமுன் மரம் வெட்டப் போனவர்கள் நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டார்கள். அது வெட்டுபவர் தாம் பார்ப்பதற்காக வைத்துக்கொண்ட விளக்கு. மோட்டாரின் முகவிளக்கும் பாதி அளவுக்கு அப்படித்தான். பின்விளக்கு வேறு வகை. அதை ஓட்டுபவர் பார்ப்பதே இல்லை. அது முழுக்க முழுக்கப் பின்னால் வருபவருக்காக எரிவது. அது சொல்லும் செய்திகள் இரண்டே இரண்டு. “நான் இங்கே இருக்கிறேன்” என்பது பின்விளக்கு. “நான் வேகத்தைக் குறைக்கிறேன்” என்பது பிரேக் விளக்கு. முதல் செய்தி மங்கலாகவும் ஓயாமலும் சொல்லப்படுகிறது. இரண்டாவது பளிச்சென்று, தேவைப்படும்போது மட்டும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாம் இதைச் சார்ந்தே இருக்கும்.

இழை பல்பின் கதை

பழைய மோட்டார்களிலும் கார்களிலும் இருப்பது 12 வோல்ட், 21/5 வாட் பல்பு அல்லது அதற்கு நெருங்கியது. கண்ணாடிக் குமிழுக்குள் இரண்டு டங்ஸ்டன் இழைகள் இருக்கும். 5 வாட் இழை பின்விளக்குக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. பல்பின் அடியில் இரண்டு முட்கள் இருக்கும். ஒன்று சற்று மேலே, மற்றது சற்றுக் கீழே. தலைகீழாகச் செருகி இரண்டு இழைகளும் இடம் மாறிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்றத்தாழ்வு.

இழை ஒளிர வேண்டுமானால் அது முதலில் 2,000 பாகைக்கு மேல் சூடாக வேண்டும். செலவாகும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஒளியாவதில்லை. மீதி வெப்பமாகப் போகிறது. கிடைக்கும் ஒளியும் மஞ்சள் கலந்த வெள்ளை. சிவப்புக் கண்ணாடி அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிட்டுச் சிவப்பை மட்டும் வெளியே அனுப்புகிறது. ஒரு குடம் நீர் இறைத்து ஒரு குவளை மட்டும் குடிப்பது போன்றது இது.

இழைக்கு இன்னும் இரண்டு குறைகள் உண்டு. முதலாவது அதிர்வு. செம்மண் சாலையிலும் செம்பனைத் தோட்டத்துக் குழிகளிலும் தினமும் குலுங்கும் மோட்டாரில் இழை சீக்கிரம் அறுந்துவிடும். அறுந்தது ஓட்டுபவருக்குத் தெரியாது. வாரக்கணக்கில் தெரியாமலே போகலாம். இரண்டாவது, மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் இழையின் ஒளி ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்துவிடும். சோர்ந்துபோன பேட்டரி உள்ள மோட்டாரின் விளக்கு ஊதுபத்தி முனையாகத் தெரிவது இதனால்தான்.

ஒளி உமிழ் இருமுனையம்

எல்.இ.டி.யைத் தமிழில் ஒளி உமிழ் இருமுனையம் என்கிறோம். பெயரே அதன் வேலையைச் சொல்லிவிடுகிறது. இது ஒரு குறைகடத்திச் சில்லு. இதில் மின்னோட்டம் ஒரு திசையில் பாயும்போது எலக்ட்ரான்கள் உயர்ந்த ஆற்றல் நிலையிலிருந்து தாழ்ந்த நிலைக்கு இறங்குகின்றன. இறங்கும்போது விடும் ஆற்றல் ஒளியாக வெளிப்படுகிறது. எந்தப் பொருளால் சில்லு செய்யப்பட்டதோ அதைப் பொறுத்து நிறம் அமையும். இதில் சூடாக வேண்டிய இழை இல்லை, அறுந்துபோக எதுவும் தொங்கவில்லை, வடிகட்ட வேண்டிய வேற்று நிறமும் இல்லை. சிவப்பு எல்.இ.டி. சிவப்பை மட்டுமே தருகிறது.

கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி.யை 1962-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் நிக் ஹோலோன்யாக் உருவாக்கினார். அது கருவிகளில் அறிகுறி விளக்காக இருக்க மட்டுமே போதுமான ஒளி தந்தது. அலுமினியம், இண்டியம், கேலியம், பாஸ்பரஸ் ஆகிய நான்கும் சேர்ந்த பொருளால் 1990-களின் தொடக்கத்தில் எல்.இ.டி.கள் செய்யப்பட்ட பிறகுதான் வெயிலிலும் தெரியும் சிவப்பு கிடைத்தது. 2000-ஆம் ஆண்டின் கடிலாக் டிவில் கார் முழு எல்.இ.டி. பின்விளக்குடன் வந்தது. இன்றோ நடுத்தர விலைக் கார்களில்கூட அது சாதாரணமாகிவிட்டது.

இந்த வரலாற்றில் நம் பக்கத்து வீட்டுக்கும் பங்குண்டு. 1972-இல் பினாங்கு பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரத்துக்கு வந்த முதல் நிறுவனங்களில் ஹியூலெட்-பேக்கார்டும் லிட்ரோனிக்ஸும் இருந்தன. இரண்டுமே எல்.இ.டி. செய்தவை. லிட்ரோனிக்ஸ் ஆலை பின்னாளில் ஒஸ்ராம் கைக்குப் போயிற்று. எங்கள் லயத்து அக்காமார் சிலர் பினாங்கில் விடுதியில் தங்கி, நுண்ணோக்கியில் கண் வைத்துச் சில்லுகளுக்கு நூலினும் மெல்லிய கம்பி இணைக்கும் வேலைக்குப் போனார்கள். தீபாவளிக்கு ஊர் திரும்பும்போது “சின்னச் சின்ன விளக்குச் செய்யுறோம்” என்று மட்டும் சொல்வார்கள். உலகக் கார்களின் பின்புறத்தில் எரியும் சிவப்பில் அப்படிப்பட்ட கைகளின் உழைப்பும் சேர்ந்திருக்கிறது.

ஐந்தில் ஒரு வினாடி

பிரேக்கை மிதித்ததும் இழை சூடேறி முழு ஒளிக்கு வர ஏறக்குறைய ஐந்தில் ஒரு வினாடி பிடிக்கிறது. எல்.இ.டி.க்கு அந்தக் காத்திருப்பு இல்லை. ஒரு வினாடியைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் அது எரிந்துவிடும்.

ஐந்தில் ஒரு வினாடி பெரிய காலமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வாகனம் அந்த நேரத்தில் 3.3 மீட்டர் கடக்கிறது. 90-இல் 5 மீட்டர். நெடுஞ்சாலையின் 110-இல் 6.1 மீட்டர். பின்னால் வருபவரின் கண்ணும் காலும் எவ்வளவு விரைவாக வேலை செய்தாலும், செய்தி புறப்படாத அந்த நேரத்தில் அவர் முன்னேறிக்கொண்டேதான் இருப்பார்.

ஐந்து மீட்டரின் மதிப்பை இன்னொரு வகையிலும் பார்க்கலாம். காய்ந்த சாலையில் நன்றாகப் பிரேக் பிடித்து நிற்கும் ஒரு கார், தான் நிற்கும் இடத்துக்கு ஐந்து மீட்டர் முன்னால் இன்னும் மணிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். ஆக, ஐந்து மீட்டர் போதாமல் போனால், தொடாமல் நின்றிருக்க வேண்டிய கார் 30 கிலோமீட்டர் வேகத்தில் இடிக்கிறது. காருக்குள் இருப்பவருக்கு அது நசுங்கிய பம்பர். மோட்டாரில் இருப்பவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. மெனோரா சுரங்கத்தைத் தாண்டி ஈப்போவை நோக்கி இறங்கும் சரிவில், பாரமேற்றிய லோரிகளுக்குப் பின்னால் வரிசை திடீரென்று தேங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

பார்க்கப்படுவது உயிர் காக்கும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 1992-இல் மலேசியாவில் மோட்டார்கள் பகலிலும் முகவிளக்கை எரியவிட வேண்டும் என்ற விதி வந்தது. ராடின் உமாரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1996-இல் வெளியிட்ட ஆய்வு, சரியாகக் கண்ணில் படாததால் நேரும் மோட்டார் விபத்துகள் அதன்பின் ஏறக்குறைய 29 விழுக்காடு குறைந்ததாகக் கண்டது. அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டு மாடல் கார்கள் முதல் பின்கண்ணாடி உயரத்தில் மூன்றாவது பிரேக் விளக்கு கட்டாயமானது. தொடக்கத்தில் அதன் பலன் மிகப் பெரிதாகத் தெரிந்தது. எல்லாரும் பழகிய பின் நிலைத்து நின்ற பலன், பின்னால் இடிக்கும் விபத்துகளில் 4.3 விழுக்காட்டுக் குறைவு. சிறிய எண்தான். ஒரு சிறு விளக்கின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறியதன்று.

பல்பை மட்டும் மாற்றினால் போதுமா?

இங்கேதான் நம் தம்பிமார் கவனிக்க வேண்டியது இருக்கிறது. ஈப்போவில் எந்த மோட்டார்ப் பட்டறைக்குப் போனாலும், “அண்ணே, இது எல்.இ.டி., பளிச்சுன்னு இருக்கும், பத்து வெள்ளிதான்” என்று ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டுவார்கள். பழைய பல்பைக் கழற்றிவிட்டு அதே குழியில் செருகிவிடலாம். எரியவும் எரியும். ஆனால் செய்தி சரியாகப் போய்ச் சேருகிறதா என்பதே கேள்வி.

முதலில் இரண்டு செய்திகளின் வேறுபாடு. கார்களுக்கான ஐக்கிய நாடுகள் ஒழுங்குமுறை எண் 7, பின்விளக்குக்குக் குறைந்தது 4 கேண்டெலா, பிரேக் விளக்குக்குக் குறைந்தது 60 கேண்டெலா ஒளிச்செறிவு கேட்கிறது. இரண்டும் ஒரே விளக்கில் இருந்தால், பிரேக் பிடிக்கும்போது ஒளி குறைந்தது ஐந்து மடங்காக உயர வேண்டும் என்கிறது. மலிவான எல்.இ.டி. பல்புகள் பலவற்றில் பின்விளக்கே பளிச்சென்று எரியும். பிரேக் பிடித்தால் அதைவிடக் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். கடையில் பார்க்கும்போது அழகாகத் தோன்றும். சாலையிலோ, எந்நேரமும் கத்திக்கொண்டே இருப்பவர் ஆபத்தில் கத்தினாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்ற நிலைதான்.

இரண்டாவது, ஒளி புறப்படும் இடம். விளக்கின் உள்ளே இருக்கும் பிரதிபலிப்பான், இழை இருக்கும் புள்ளியைக் கணக்கில் வைத்து வளைக்கப்பட்டது. எல்.இ.டி. பல்பில் சில்லுகள் வேறு இடத்தில், பெரும்பாலும் முனையை நோக்கி இருக்கும். நேர் பின்னால் நின்றால் கண் கூசும். சற்றுப் பக்கவாட்டில் போனால் இருண்டுவிடும். வளைவான தோட்டச் சாலையில் பக்கவாட்டில்தான் அதிகம் பார்க்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, நிறம். வெள்ளை எல்.இ.டி. உண்மையில் நீலச் சில்லின்மேல் மஞ்சள் ஒளிரும் பூச்சுப் பூசியது. அதில் சிவப்பின் பங்கு குறைவு. சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அதை வைத்தால் ஒளியின் பெரும்பகுதி கண்ணாடியிலேயே தங்கிவிடும். அப்படியானால் சிவப்பு எல்.இ.டி.யே போடலாமே என்பீர்கள். கார்களில் அது சரி. ஆனால் பல சிறிய மோட்டார்களில், பின்விளக்கின் அடியிலுள்ள தெளிந்த கண்ணாடி வழியாக அதே பல்புதான் எண் பலகைக்கும் வெளிச்சம் தருகிறது. சிவப்புப் பல்பு போட்டால் எண் பலகையும் சிவந்துவிடும்; இரவில் எண்ணைப் படிக்க முடியாது. ஒரு பல்பை மாற்றுவது சிறிய வேலை என்று நினைக்கிறோம். அந்த விளக்கை வடிவமைத்தவர் இரண்டு வேலைகளை அந்த ஒரே இழைக்குக் கொடுத்திருக்கிறார்.

நான்காவது, மின்னோட்டம். பொறியியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இது எளிய கணக்கு. இயந்திரம் ஓடும்போது 12 வோல்ட் வண்டியில் உண்மையில் 14.4 வோல்ட் வரை இருக்கும். சிவப்பு எல்.இ.டி. ஒன்றுக்கு ஏறக்குறைய 2 வோல்ட் தேவை. மூன்றைத் தொடராக இணைத்தால் 6 வோல்ட். மீதி 8.4 வோல்ட்டை ஒரு மின்தடை ஏற்க வேண்டும். ஓட்டம் 20 மில்லி ஆம்பியராக இருக்க, 8.4-ஐ 0.02-ஆல் வகுத்தால் 420 ஓம். இந்த மின்தடையை மிச்சம் பிடித்துச் சிறியதாகப் போட்டால் தொடக்கத்தில் அதிக ஒளி கிடைக்கும். ஆனால் சில்லு சூடாகும். சூடானால் சிவப்பு எல்.இ.டி.யின் ஒளி குறையும், ஆயுளும் குறையும். “எல்.இ.டி. பல்லாண்டு உழைக்கும்” என்பது நன்றாகச் செய்யப்பட்ட எல்.இ.டி.க்கு மட்டுமே பொருந்தும்.

மின்மினியும் கறுப்புக் கண்ணாடியும்

பிரேக் பிடித்தால் படபடவென்று மின்னும் பல்புகளும் சந்தையில் உண்டு. நம் இளைஞர்களிடம் இதற்கு ஒரு மோகம். மின்னும் விளக்கு என்றால் திரும்பப் போகிறார் என்றுதான் சாலை மொழியில் பொருள். பிரேக்கும் மின்னினால் இரண்டு சொற்களுக்கும் ஒரே ஒலி வைத்தது போலாகிவிடும். சில கார்கள் திடீரென்று கடுமையாகப் பிரேக் பிடிக்கும்போது மட்டும் விரைவாக மின்னும் எச்சரிக்கை தருகின்றன. ஐக்கிய நாடுகள் விதிகள் அதற்கு இடம் கொடுப்பது நிபந்தனைகளோடுதான். ஒவ்வொரு சந்திப்பிலும் மின்னுவதற்கு அன்று.

அதேபோல் பின்விளக்கின்மேல் கறுப்புத் தாள் ஒட்டுவதும் கறுப்புக் கண்ணாடி மாட்டுவதும். இரவில் சிவப்பு தெரிந்தாலும், நண்பகல் வெயிலில் பிரேக் விளக்கு எரிவதே தெரியாது. நீலம், பச்சை என்று நிறம் மாற்றுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சாலைப் போக்குவரத்து இலாகாவின் சம்மனுக்குப் பயந்து இவற்றைக் கழற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பின்னால் வரும் லோரி ஓட்டுநர் பதினாறு மணி நேரமாக விழித்திருக்கலாம். அவருக்குப் புரியும் மொழியில் நாம் பேச வேண்டும்.

என்ன செய்யலாம்?

புதிய வாகனம் வாங்குவோர், தொழிற்சாலையிலேயே எல்.இ.டி. பின்விளக்குடன் வந்ததைத் தேர்ந்தெடுத்தால் நன்று. அதில் சில்லு, வில்லை, மின்சுற்று எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி சேர்த்தே வடிவமைக்கப்பட்டிருக்கும்.

பழைய மோட்டாருக்கு எல்.இ.டி. வேண்டுமென்றால், பல்பை மட்டும் மாற்றாமல் அந்த மாடலுக்கென்று செய்யப்பட்ட முழு விளக்கையும் வாங்குங்கள். வில்லையின்மேல் ஒரு வட்டத்துக்குள் ஆங்கில ‘இ’ எழுத்தும் ஓர் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஐக்கிய நாடுகள் ஒழுங்குமுறைப்படி ஒப்புதல் பெற்றதற்கான அடையாளம் அது. எண், ஒப்புதல் தந்த நாட்டைக் குறிக்கும். மலேசியாவின் எண் 52.

அவ்வளவு செலவு செய்ய இயலாதவர்கள் வருந்த வேண்டாம். சரியான வாட் அளவுள்ள இழை பல்பு, துருப் பிடிக்காத குழி, துடைத்த கண்ணாடி, நல்ல பேட்டரி இவை போதும். மோசமான எல்.இ.டி.யைவிட நல்ல இழை பல்பு எவ்வளவோ மேல். இருக்கையில் ஓர் உதிரி பல்பு வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

எதைப் பொருத்தினாலும் ஒரு சோதனை செய்யுங்கள். இரவில் மோட்டாரைச் சுவருக்கு முதுகு காட்டி நிறுத்தி விளக்கைப் போடுங்கள். முதலில் கைப்பிரேக்கை மட்டும் பிடியுங்கள். பிறகு கால்பிரேக்கை மட்டும் மிதியுங்கள். இரண்டுக்கும் தனித்தனி சுவிட்ச் இருக்கும், ஒன்று கெட்டுப்போயிருக்கலாம். ஒவ்வொரு முறையும் சுவரில் படும் சிவப்பு பளிச்சென்று மாற வேண்டும். பின்னர் ஒரு நண்பரைப் பகல் வெயிலில் இருபது எட்டு பின்னால் நிற்கச் சொல்லுங்கள். நேராகவும் இரு பக்கங்களிலிருந்தும் பார்த்து, பிரேக் பிடித்தது எப்போது என்று அவர் தயங்காமல் சொல்ல வேண்டும். எல்.இ.டி. விளக்கில் சில புள்ளிகள் அணைந்திருந்தால், “மீதி எரிகிறதே” என்று விட்டுவிடாதீர்கள்; அந்த விளக்கின் காலம் முடிந்துவிட்டது.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் அப்பாவோ அண்ணனோ அதிகாலையில் எடுத்துச் செல்லும் மோட்டார் இருக்கும். அவர்கள் தங்கள் பின்விளக்கைப் பார்த்து எத்தனை மாதங்கள் ஆகியிருக்குமோ தெரியாது. ஓட்டுபவரால் அதைப் பார்க்க முடியாது என்பதே அந்த விளக்கின் இயல்பு. வீட்டில் இருக்கும் இன்னொருவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஐந்து நிமிட வேலை. ஒரு நாள் மாலை அவர்கள் வேலையிலிருந்து திரும்பியதும், “அப்பா, பிரேக்கைக் கொஞ்சம் பிடிங்க, நான் பின்னால நின்னு பார்க்கிறேன்” என்று சொல்லுங்கள்.